பம்பாய் இரத்தம் கற்பித்த பாடம்: ஒரே செல்லில் பல அடுக்குகளைப் படித்தலின் வரலாறு

மும்பை திலக் நகரின் குடியிருப்பு வளாகம் ஒன்றில் இரத்ததான முகாம் நடப்பதாகக் கொள்வோம். கொடையாளர் ஒருவரின் விரல்நுனியிலிருந்து எடுத்த இரண்டு துளி இரத்தம் கண்ணாடித் தகட்டில் இடப்படுகிறது. ஒரு துளியில் ஏ-வகைப் பொருளைப் பற்றும் எதிர்ப்பொருளும், மற்றதில் பி-வகைப் பொருளைப் பற்றும் எதிர்ப்பொருளும் சேர்க்கப்படுகின்றன. இரண்டு துளிகளிலும் திரட்சி தோன்றவில்லை. அட்டையில் 'ஓ' என்று எழுதப்படுகிறது.

அந்த ஓர் எழுத்துக்குப் பின்னால் இரு வேறு நிலைமைகள் இருக்கக்கூடும். பெரும்பான்மையோரிடத்தில், ஏ அல்லது பி பொருளை உருவாக்கும் மரபணுவே செயலற்றுக் கிடக்கிறது. மிகச் சிலரிடத்திலோ அந்த மரபணு பழுதின்றி இருக்கக்கூடும். ஆயினும் அதன் விளைவு செல்லின் மேற்பரப்பில் தோன்றுவதில்லை. தகட்டில் இருவரும் ஒன்றுபோலவே காட்சியளிக்கின்றனர். ஆனால் இரண்டாம் வகையினருக்குச் சாதாரண ஓ இரத்தத்தைச் செலுத்தினால் அவர்தம் உடல் அந்தச் செல்களைச் சிதைத்துவிடும். உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இந்த வேறுபாடு உலகில் முதன்முதலாகப் பதிவானது திலக் நகரிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவிலுள்ள பரேலில், 1926இல் திறக்கப்பட்ட கே.இ.எம். மருத்துவமனையில். ஆண்டு 1952. இன்று 'ஒற்றைச் செல் பல்லடுக்கு அளவீடு' என்று வழங்கும் துறை, ஒரே செல்லின் டிஎன்ஏ, ஆர்என்ஏ, புரதம் முதலியவற்றை ஒருங்கே அளக்கும் முறைகளை நாடுகிறது. அத்துறையின் வரலாறு பெரும்பாலும் கேம்பிரிட்ஜ், சியாட்டில், நியூயார்க் ஆய்வகங்களின் கதையாகவே சொல்லப்படுகிறது. கருவிகளைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் அக்கருவிகள் எதற்காகத் தேவைப்பட்டன என்ற கேள்விக்கு பரேலின் இரத்தப் பரிசோதனை மேசை தெளிவான விடையொன்றை வைத்திருக்கிறது.

1. இரு சோதனைகள் முரண்பட்ட கதை

கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901இல் இரத்த வகைகளைப் பிரித்துக் காட்டிய பின், ஒவ்வொரு வகையையும் இரு திசைகளிலிருந்து சோதிக்கும் வழக்கம் ஏற்பட்டது. முதல் சோதனையில் தெரிந்த எதிர்ப்பொருளைக் கொண்டு ஒருவரின் சிவப்பணு மேற்பரப்பு அறியப்படுகிறது. இரண்டாவதில், தெரிந்த வகைச் சிவப்பணுக்களைக் கொண்டு அவருடைய இரத்த நிணநீரில் எந்த எதிர்ப்பொருள்கள் உள்ளன என்று அறியப்படுகிறது. இரண்டு விடைகளும் பொருந்தவேண்டும். ஓ வகையினரின் நிணநீர் ஏ செல்களையும் பி செல்களையும் திரளச் செய்யும். ஓ செல்களைத் திரளச் செய்யாது.

கே.இ.எம். மருத்துவமனையில் ஒய். எம். பெண்டேயும் உடன் பணியாற்றியோரும் கண்ட மூவரின் இரத்தம் இந்த ஒழுங்கில் அடங்கவில்லை. மேற்பரப்புச் சோதனை அவர்களை ஓ என்றது. நிணநீர்ச் சோதனையில் ஓ செல்களும் திரண்டன. ஓ வகையினர் ஒருவருக்கு ஓ இரத்தமே பகையாகும் நிலைமை அன்றைய பாடநூல்களில் இல்லை.

இத்தகைய முரண்பாட்டைச் சோதனைப் பிழை என்று ஒதுக்கிவிடுவது எளிது. பம்பாய்க் குழுவினர் ஒதுக்கவில்லை. மாதிரிகள் இலண்டனில் ரேஸ், ரூத் சேங்கர் ஆகியோரின் இரத்த வகை ஆய்வுப் பிரிவிலும், இரத்த வகைப் பொருள்களின் வேதியியலை ஆராய்ந்துகொண்டிருந்த மார்கன், வினிஃப்ரெட் வாட்கின்ஸ் ஆகியோரிடத்தும் ஆராயப்பட்டன. 1952இல் 'லான்செட்' இதழில் பெண்டே, தேஷ்பாண்டே, பாட்டியா ஆகிய பம்பாய் ஆய்வாளர் மூவரும் இலண்டன் ஆய்வாளர் நால்வரும் சேர்ந்து எழுதிய சிறு கட்டுரை வெளிவந்தது. ஏபிஓ முறைமையோடு தொடர்புடைய புதிய பண்பு ஒன்றை அது அறிவித்தது. காலப்போக்கில் அதற்கு 'பம்பாய் வகை' என்ற பெயர் நிலைத்தது. 1995இல் நகரத்தின் பெயர் மும்பை என்று மாறிய பின்னும் இரத்தத்தின் பெயர் மாறவில்லை.

அடுத்த கேள்வியை 1955இல் அமெரிக்காவில் ஃபிலிப் லெவினும் உடனிருந்தோரும் ஆராய்ந்த ஒரு குடும்பம் எழுப்பியது. அக்குடும்பத்துத் தாயின் சிவப்பணுக்களில் பி பொருள் காணப்படவில்லை. ஆயினும் அவர் பி மரபணுவைத் தம் பிள்ளைக்குக் கடத்தியிருந்தார். தம்மிடம் தோன்றாத ஒன்றை அவர் எவ்வாறு கொடுத்தார்? வாட்கின்ஸும் மார்கனும் வேதியியலிலிருந்து இதற்கு விளக்கம் தந்தனர். ஏ, பி பொருள்கள் வெறுமையில் உருவாவதில்லை. முதலில் செல்லின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் ஃபியூக்கோஸ் என்னும் சர்க்கரை சேர்ந்து 'எச்' பொருள் அமைகிறது. அந்த எச் பொருளின்மீதுதான் ஏ நொதி ஒரு சர்க்கரையையும் பி நொதி வேறொரு சர்க்கரையையும் இணைக்கின்றன. எச் பொருள் இல்லையென்றால் ஏ, பி நொதிகள் இருந்தும் பயனில்லை. பம்பாய் வகையினரிடத்தில் எச் பொருளே இல்லை. ஆகவேதான் ஓ வகையினரின் செல்களில் நிறைந்துள்ள எச் பொருளை அவர்தம் உடல் அயலாகக் கருதித் தாக்குகிறது.

மரபணு அளவிலான விளக்கம் வந்துசேர மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1990இல் ஃபுமிஇச்சிரோ யமமோட்டோவும் உடனிருந்தோரும் ஏபிஓ மரபணுவின் மூலக்கூற்று அடிப்படையை வெளியிட்டனர். ஓ வகைக்குப் பெரும்பாலும் ஒற்றை எழுத்தின் இழப்பே காரணம் என்பது தெரிந்தது. அந்த மரபணு 9ஆம் குரோமோசோமில் உள்ளது. எச் பொருளுக்குரிய மரபணு வேறொன்று. அது 19ஆம் குரோமோசோமில் உள்ளது. அம்மரபணுவும் 1990இலேயே பிரித்தெடுக்கப்பட்டது. 1994இல் பம்பாய் வகைக் குடும்பங்களில் அது பழுதுற்றிருப்பது காட்டப்பட்டது. இந்திய வம்சாவளியினரிடத்தில் அப்பழுது பெரும்பாலும் 725ஆம் இடத்து எழுத்து ஒன்று மாறியதால் விளைந்தது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. மேற்பரப்பில் கண்ட முரண்பாட்டிலிருந்து மரபணு எழுத்துக்கு வந்துசேர 40 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

இவ்வரலாற்றில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, மரபணு ஓர் அடுக்கு. நொதி ஓர் அடுக்கு. மேற்பரப்பு இன்னோர் அடுக்கு. ஓர் அடுக்கைப் படித்து மற்றதை ஊகிப்பது பலசமயம் சரியாகவும் சிலசமயம் ஆபத்தாகவும் முடியும். இரண்டாவது செய்தி இதைவிட முக்கியமானது. புதிய அறிவு பிறந்தது ஒரே மனிதரிடத்தில் செய்த இரு சோதனைகள் முரண்பட்டபோதுதான். மேற்பரப்பை ஒருவரிடத்திலும் நிணநீரை வேறொருவரிடத்திலும் அளந்திருந்தால் முரண்பாடு என்ற ஒன்றே கண்ணில் பட்டிருக்காது.

2. சராசரியின் காலம்

பம்பாய் இரத்தத்தில் மரபணுவையும் மேற்பரப்பையும் ஒரே செல்லில் பார்க்க 1952இல் வழியில்லை. அதற்கு இயற்கையே ஒரு தடையும் வைத்திருக்கிறது. முதிர்ந்த மனிதச் சிவப்பணுவில் உட்கரு இல்லை. எனவே மரபணுவும் இல்லை. மேற்பரப்பில் எச், ஏ, பி பொருள்கள் அமைவதையும் அதற்குரிய மரபணு செயற்படுவதையும் சேர்த்துப் பார்க்க விரும்புவோர் எலும்பு மஜ்ஜையில் முதிர்ந்துகொண்டிருக்கும் செல்களிடத்துச் செல்லவேண்டும். அங்கே ஒவ்வொரு செல்லும் வெவ்வேறு பருவத்தில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான செல்களை ஒன்றாக அரைத்து அளந்தால் கிடைப்பது அப்பருவங்கள் அனைத்தின் சராசரியே.

இருபதாம் நூற்றாண்டின் மூலக்கூற்று உயிரியல் ஏறத்தாழ முழுவதும் இத்தகைய சராசரிகளின்மீது எழுந்தது. அதில் வெட்கத்திற்கு ஒன்றுமில்லை. அளவு அவ்வளவு சிறியது. ஒரு மனிதச் செல்லின் டிஎன்ஏ முழுவதும் சேர்ந்து ஆறு பிக்கோகிராம் அளவே உண்டு. ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமை இலட்சம் கோடியாகப் பகுத்ததில் ஒரு பங்கு. ஆர்என்ஏவின் மொத்தமும் அதே அளவை ஒட்டியது. அதிலும் புரதத்திற்கான செய்தியைத் தாங்கும் தூது ஆர்என்ஏ சில விழுக்காடு மட்டுமே.

சராசரியிலும் அடுக்குகளிடையேயான பொருத்தமின்மை தலைகாட்டத்தான் செய்தது. 1999இல் ஸ்டீவன் கிகியும் ரூடி ஏபர்சோல்டும் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஈஸ்ட் செல்களில் தூது ஆர்என்ஏவின் அளவையும் புரதத்தின் அளவையும் ஒப்பிட்டனர். ஏறத்தாழ ஒரே அளவு ஆர்என்ஏ கொண்ட மரபணுக்களிடையே புரதத்தின் அளவு 20 மடங்குக்கும் மேல் வேறுபட்டது. ஆர்என்ஏவை அளந்து புரதத்தை ஊகிக்கலாம் என்ற நம்பிக்கைக்கு அது ஓர் எச்சரிக்கை. ஆனால் அவ்வேறுபாடு ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உள்ளதா, செல்லுக்குச் செல் மாறுவதா என்ற கேள்விக்குச் சராசரியில் விடை இல்லை.

ஒற்றைச் செல்லை நோக்கிய முதல் முயற்சிகள் 1990களின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. ஜேம்ஸ் எபர்வைனும் உடனிருந்தோரும் ஒற்றை நரம்புச் செல்லிலிருந்து தூது ஆர்என்ஏவை எடுத்துப் பெருக்கிக் காட்டினர். 2009இல் ஃபூசோ டாங் முதலியோர் ஒரே செல்லின் தூது ஆர்என்ஏ தொகுதியைப் புதுத் தலைமுறை வரிசை அறியும் கருவியால் படித்தனர். 2011இல் நிக்கோலஸ் நாவின் முதலியோர் மார்பகப் புற்றின் ஒற்றை உட்கருக்களின் டிஎன்ஏவைப் படித்தனர். 2015இல் ஒவ்வொரு செல்லையும் எண்ணெயில் மிதக்கும் ஒரு நீர்த்துளிக்குள் அடைக்கும் முறைகள் வெளிவந்தன. ஒரே சோதனையில் ஆயிரக்கணக்கான செல்களைப் படிக்க முடிந்தது. அவற்றுள் ஒன்றான 'டிராப்-சீக்' கட்டுரையின் ஆசிரியர்களுள் பம்பாய் ஐஐடியில் பயின்ற கார்த்திக் சேகரும் ஒருவர்.

ஆனால் இவையனைத்தும் ஒரு நேரத்தில் ஓர் அடுக்கையே படித்தன. ஆர்என்ஏவைப் படிக்கச் செல்லை உடைக்கவேண்டும். உடைத்த செல்லின் டிஎன்ஏ வீணாயிற்று. ஒரு செல்லை ஒருமுறைதான் உடைக்க முடியும். இந்த எளிய உண்மையே அடுத்த பத்தாண்டுகளின் ஆராய்ச்சியைச் செலுத்தியது.

3. மூன்று மொழிகள், ஒரே எழுத்து

முதல் தீர்வு பிரித்தெடுத்தல். 2015இல் வெளியான 'ஜி அண்ட் டி-சீக்' முறையில் செல் மென்மையாக உடைக்கப்படுகிறது. பெரும்பாலான தூது ஆர்என்ஏவின் வாலில் அடினின் என்னும் எழுத்து தொடர்ந்து வரும். அந்த வாலோடு இணையக்கூடிய இழைகளைத் தாங்கிய காந்த மணிகள் ஆர்என்ஏவைப் பற்றிக்கொள்ள, டிஎன்ஏ கரைசலில் தங்கிவிடுகிறது. இரண்டும் தனித்தனியே படிக்கப்படுகின்றன. அதே ஆண்டில் வான் ஔடனார்டன் குழுவினரின் 'டிஆர்-சீக்' முறை மறுவழியில் சென்றது: இரண்டையும் பிரிக்காமல் முதலில் சேர்த்துப் பெருக்கி, பின்னர் பகுத்தது. இதனால் டிஎன்ஏவில் ஒரு பகுதி இரட்டித்திருக்கும் புற்றுச்செல்லில், அப்பகுதியின் ஆர்என்ஏவும் கூடியிருக்கிறதா என்று அதே செல்லில் கேட்க முடிந்தது.

புரதம் இதைவிடக் கடினமான சிக்கலை முன்வைத்தது. டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கலாம். ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றிப் பெருக்கலாம். புரதத்தைப் படியெடுக்க இயற்கையில் ஒரு நொதியும் இல்லை. 2017இல் நியூயார்க்கில் மார்லன் ஸ்டோக்கியஸ், ராகுல் சதீஜா, பீட்டர் ஸ்மிபர்ட் முதலியோர் வெளியிட்ட 'சைட்-சீக்' இதற்குக் கண்ட வழி ஓர் எழுத்துப்பெயர்ப்பு எனலாம். ஒவ்வொரு புரதத்தையும் பற்றும் எதிர்ப்பொருளோடு, அப்புரதத்திற்கே உரிய குறியீடு எழுதப்பட்ட சிறு டிஎன்ஏ இழை ஒட்டப்பட்டது. அவ்விழையின் முடிவில் தூது ஆர்என்ஏவின் வாலைப் போன்ற அடினின் வரிசையும் அமைக்கப்பட்டது. எதிர்ப்பொருள் செல்லின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. செல் துளிக்குள் உடையும்போது, அதன் ஆர்என்ஏவைப் பற்றும் அதே மணி இந்த ஒட்டிழையையும் ஆர்என்ஏ என்று கருதிப் பற்றுகிறது. வரிசை அறியும் கருவியிலிருந்து ஆர்என்ஏ செய்தியும் புரதச் செய்தியும் ஒரே எழுத்தில் வெளிவருகின்றன. முதற்கட்டுரையில் 13 எதிர்ப்பொருள்கள் கொண்டு தொப்புள்கொடி இரத்தச் செல்கள் ஆராயப்பட்டன.

இங்கே பரேலின் மேசை மீண்டும் நினைவுக்கு வருகிறது. 1952இலும் 2017இலும் மேற்பரப்பை அறிய உதவியது எதிர்ப்பொருளே. அன்று எதிர்ப்பொருள் கண்ணுக்குத் தெரியும் திரட்சியால் விடை சொன்னது. இன்று டிஎன்ஏ எழுத்தால் சொல்கிறது. பழைய கருவியின் நாவு மாறியிருக்கிறது. அதன் குறைபாடும் மாறவில்லை: எந்தப் பொருளுக்கு எதிர்ப்பொருள் கையில் உள்ளதோ அதை மட்டுமே அது காணும். ஏ, பி எதிர்ப்பொருள்களோடு மட்டும் நின்றிருந்தால் எச் பொருளின் இன்மை அன்று தெரிந்திருக்காது.

மூன்றாவது அடுக்கு, டிஎன்ஏ சுருண்டிருக்கும் விதம். ஒரு மரபணு செல்லில் இருப்பதால் மட்டும் அது படிக்கப்படுவதில்லை. டிஎன்ஏ புரத உருளைகளில் சுற்றப்பட்டுக் குரோமாட்டினாக அடுக்கப்பட்டிருக்கிறது. இறுகிய பகுதி பெரும்பாலும் மௌனமாக இருக்கும். 2013இல் ஜேசன் புவன்ரோஸ்ட்ரோவும் வில்லியம் கிரீன்லீஃபும் உள்ளிட்டோர் வெளியிட்ட முறையில், டிஎன்ஏவில் புகுந்து தன் குறியை ஒட்டிவைக்கும் நொதி ஒன்று பயன்பட்டது. அது திறந்த இடங்களில்தான் எளிதாகப் புகும்; ஒட்டிய குறிகளைப் படித்தால் எந்தப் பகுதிகள் திறந்திருந்தன என்பது தெரியும். 2018இல் சியாட்டிலில் ஜே ஷெண்டூர், கோல் டிராப்னெல் குழுவினரின் 'சை-கார்', இந்தத் திறப்பையும் ஆர்என்ஏவையும் ஒரே செல்லில் சேர்த்துப் படித்தது. அதே ஆண்டில் வெளிவந்த வேறொரு முறை, டிஎன்ஏவின்மீது ஏறும் மெத்தில் குறிகளையும் சேர்த்து மூன்று அடுக்குகளைப் படித்தது. 2019ஆம் ஆண்டுக்குரிய முறையாக 'நேச்சர் மெத்தட்ஸ்' இதழ் இத்துறையையே தேர்ந்தெடுத்தது. 2020இல் டென்எக்ஸ் ஜீனோமிக்ஸ் நிறுவனம் குரோமாட்டின் திறப்பையும் ஆர்என்ஏவையும் சேர்த்தளக்கும் பெட்டகத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2021இல் திறப்பு, ஆர்என்ஏ, மேற்பரப்புப் புரதம் மூன்றையும் ஒரே செல்லில் படிக்கும் முறைகள் வெளிவந்தன.

4. எந்தக் குறி எந்தச் செல்லுக்கு உரியது?

இலட்சக்கணக்கான செல்களின் துண்டுகள் ஒரே குழாயில் கலந்து கருவிக்குள் செல்கின்றன. எந்தத் துண்டு எந்தச் செல்லினுடையது என்பது எவ்வாறு தெரிகிறது? திலக் நகர்வாசிகளுக்கு இதன் விடையைத் தேடி ஆய்வகத்திற்குச் செல்லவேண்டியதில்லை. மும்பையின் டப்பாவாலாக்கள் நாள்தோறும் செய்வது இதுவே. வீடுகளிலிருந்து எடுக்கப்படும் சாப்பாட்டு டப்பாக்கள் இரயில் நிலையத்தில் பிரிக்கப்பட்டு, ஒரே தட்டில் கலந்து பயணித்து, வேறு நிலையத்தில் மறுபடியும் பிரிக்கப்படுகின்றன. மூடியில் எழுதப்பட்ட நிறமும் எழுத்தும் எண்ணும் எடுத்த இடத்தையும் சேரவேண்டிய நிலையத்தையும் கட்டடத்தையும் தளத்தையும் குறிக்கின்றன. ஒவ்வொரு குறியும் தனித்துப் பொதுவானது. குறிகளின் சேர்க்கையே ஒரு டப்பாவைத் தனித்துக் காட்டுகிறது.

'சை-கார்' போன்ற முறைகளின் கணக்கும் அத்தகையதே. செல்கள் 96 குழிகளில் பகிரப்பட்டு, குழிக்கு ஒரு டிஎன்ஏ குறி ஒட்டப்படுகிறது. பின்னர் எல்லாம் ஒன்றாகக் கலக்கப்பட்டு மறுபடியும் 96 குழிகளில் பகிரப்பட்டு இரண்டாம் குறி ஒட்டப்படுகிறது. இரண்டு சுற்றில் 9,216 சேர்க்கைகள். மூன்றாம் சுற்று நடந்தால் 8,84,736. செல்களின் எண்ணிக்கை சேர்க்கைகளின் எண்ணிக்கையைவிட மிகக் குறைவாக இருந்தால், இரு செல்கள் ஒரே குறிச்சேர்க்கையைப் பெறுவது அரிது. அரிது என்றால் இல்லை என்று பொருளன்று. இரு செல்கள் ஒரே குறியில் கலந்துபோவது இம்முறைகளின் நிலையான பிழைகளுள் ஒன்று.

பிற குறைகளும் உண்டு. ஒரு செல்லிலுள்ள தூது ஆர்என்ஏவின் ஒரு பகுதிதான் பிடிபடுகிறது. எனவே ஒரு மரபணுவின் எண் சுழியம் என்று வந்தால், அது இல்லாமையா, பிடிபடாமையா என்பது உறுதியில்லை. குரோமாட்டினில் நிலைமை இன்னும் இறுக்கம்: ஒரு செல்லில் ஓர் இடத்திற்கு இரண்டு படிகளே இருப்பதால் திரும்பத்திரும்ப எண்ண எதுவுமில்லை. இரண்டு அடுக்குகளைச் சேர்த்துப் படிக்கும்போது ஒவ்வொன்றின் தரமும் தனித்துப் படிப்பதைவிடக் குறைவது வழக்கம். செலவும் கூடுகிறது.

இந்தக் குறைகளைக் கண்டு, வேறொரு வழியை நாடுவோர் பலர். ஒரு கூட்டம் செல்களில் ஆர்என்ஏவையும் வேறொரு கூட்டத்தில் குரோமாட்டினையும் அளந்து, பின்னர் கணினியால் பொருத்திக்கொள்வது அது. பயனுள்ள வழி, செலவும் குறைவு. ஆனால் பொருத்துவதற்கு ஏதேனும் ஓர் ஊகம் தேவை. திறந்திருக்கும் மரபணு பெரும்பாலும் படிக்கப்படும் என்பது வழக்கமான ஊகம். அதாவது அடுக்குகள் ஒத்துப்போகும் என்று முன்கூட்டியே கொண்டு, அதைக் கொண்டு அடுக்குகளை இணைப்பது.

சாதவாகன மன்னர்களின் வெள்ளிக் காசுகளை இங்கு நினைக்கலாம். ஒருபுறம் பிராகிருத வாசகம், மறுபுறம் தமிழ் எனப் படிக்கப்பட்ட வாசகம். இரண்டும் ஒரே காசில் உள்ளமையால்தான், ஒன்றன் சொல்லுருபு மற்றதன் எவ்வுருபுக்கு நேர் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. எங்கே வேறுபடுகின்றன என்றும் சொல்ல முடிகிறது. பிராகிருதக் காசு ஒன்றையும் தமிழ்க் காசு ஒன்றையும் தனித்தனியே எடுத்து, இவை ஒரே செய்தியைச் சொல்கின்றன என்று கொண்டு படித்தால், ஒற்றுமை மட்டுமே கண்ணில் படும்.

ஒரே செல்லில் இரு அடுக்குகளையும் அளந்தபோது வேற்றுமை எவ்வாறு பயன் தந்தது என்பதற்கு 2020இல் வெளியான 'ஷேர்-சீக்' ஆய்வு சான்று. சுண்டெலியின் தோலில் மயிர்க்கால் உருவாகும் செல்களைப் பார்த்தபோது, சில மரபணுக்களைச் சுற்றிய குரோமாட்டின் திறந்துவிட்டது. ஆர்என்ஏ இன்னும் எழவில்லை. பொருத்தும் கணினி இதைப் பிழை எனக் கருதிச் சமன் செய்திருக்கலாம். ஆய்வாளர்களோ அந்த இடைவெளியையே செய்தியாகப் படித்தனர்: செல் அடுத்து என்னவாகப் போகிறது என்பதற்கான முன்னறிகுறி அது. மேற்பரப்பும் நிணநீரும் ஒத்துப்போகாதபோது பரேலில் நடந்ததும் இதுதான்.

5. யாருடைய செல்கள்?

2016இல் அவீவ் ரெகெவ், சாரா டைக்மன் ஆகியோரின் முன்முயற்சியில் மனித உடலின் எல்லாச் செல்வகைகளையும் பட்டியலிடும் 'மனிதச் செல் வரைபடத்' திட்டம் தொடங்கியது. 2021இல் ராகுல் சதீஜா குழுவினர் வெளியிட்ட இரத்தச் செல் மேற்கோள் தொகுப்பு, 228 எதிர்ப்பொருள்கள் வரை கொண்டு ஆர்என்ஏவோடு புரதத்தையும் 2,11,000 செல்களில் அளந்தது. அச்செல்கள் வந்தது எட்டுக் கொடையாளரிடமிருந்து. உலகெங்கும் ஆய்வாளர்கள் தம் மாதிரிகளுக்குப் பெயரிட இன்று இத்தகைய தொகுப்புகளைப் பயன்படுத்துகின்றனர்.

எட்டுப் பேர் போதுமா என்ற கேள்விக்கு 1952 ஒரு விடை தருகிறது. பம்பாய் வகை இந்தியாவில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில் மதிப்பிடப்படுகிறது. ஐரோப்பியரிடத்தில் அது பன்மடங்கு அரிது. லெவின் 1955இல் கண்டதுபோல் பிற நாட்டிலும் அது தட்டுப்படக்கூடும். ஆனால் அது முதலில் பம்பாயில் தட்டுப்பட்டது தற்செயல் அன்று. அந்த இரத்தம் ஓடியவர்கள் அங்கிருந்தனர். அவர்களைச் சோதிக்கும் மேசையும் அங்கிருந்தது. முரண்பட்ட விடையை எறிந்துவிடாத ஆய்வாளரும் அங்கிருந்தனர். 1957இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பம்பாயில் இரத்த வகை மேற்கோள் மையத்தை நிறுவியது. அதுவே இன்று கே.இ.எம். வளாகத்தில் தேசிய இரத்த நோயெதிர்ப்பியல் நிறுவனமாக வளர்ந்திருக்கிறது.

செல் வரைபடத்தில் ஆசியாவின் இடைவெளியை நிரப்ப எழுந்தது ஆசிய நோயெதிர்ப்புப் பன்மை வரைபடம். சிங்கப்பூர் மரபணுத்தொகை நிறுவனத்தின் ஷியாம் பிரபாகர் முதலியோர் முன்னின்று நடத்தும் இத்திட்டத்தில் இந்தியாவும் பங்கேற்றது. 2025இல் 'செல்' இதழில் வெளியான முதற்கட்ட முடிவு, இந்தியா, ஜப்பான், சிங்கப்பூர், தென்கொரியா, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் ஏழு மக்கட்குழுக்களைச் சேர்ந்த 619 நலமுள்ளோரின் 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட செல்களை ஆராய்ந்தது. தமிழர் பெரும்பான்மையராக உள்ள சிங்கப்பூர் இந்தியர் அவ்வேழு குழுக்களுள் ஒன்று. வயது, பால், மக்கட்குழு ஆகியவற்றுக்கேற்பச் செல்களின் விகிதமும் மரபணுச் செயற்பாடும் மாறுவது தெரிந்தது. ஆனால் அம்முடிவு பெரும்பாலும் ஆர்என்ஏ என்னும் ஓர் அடுக்கைச் சார்ந்தது. இன்னொரு பக்கம், இந்திய மரபணுத்தொகைத் திட்டம் 10,000 இந்தியரின் டிஎன்ஏ முழுவதையும் படித்து முடித்திருக்கிறது. அதுவும் ஓர் அடுக்கே.

ஆக இன்றைய நிலையில், அடுக்குகள் மிகுந்த தொகுப்பில் மனிதர்கள் குறைவு. மனிதர்கள் மிகுந்த தொகுப்பில் அடுக்குகள் குறைவு. செலவை நோக்க இது புரிந்துகொள்ளக்கூடியது. ஒற்றை அடுக்குத் தொகுப்புகள் பயனற்றவை என்பதும் இதன் பொருளன்று. எச் மரபணுவின் 725ஆம் எழுத்து தெரிந்துவிட்ட பிறகு, பம்பாய் வகையினர் பலரை டிஎன்ஏவைக் கொண்டே கண்டறியலாம். ஆனால் அந்த எழுத்தைத் தேடவேண்டும் என்பதையே மேற்பரப்பில் கண்ட முரண்பாடுதான் சொன்னது. இந்திய மரபணுத்தொகைகளில் கிடக்கும் எண்ணற்ற வேறுபாடுகளுள் எவை செல்லில் பொருளுடையவை என்று சொல்ல, அந்த மக்களின் செல்களிலேயே பிற அடுக்குகளையும் படிக்கவேண்டியிருக்கும்.

இத்துறையின் கட்டுரைகளைப் படிக்கும் மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கையில் வைத்திருப்பது நல்லது. அடுக்குகள் ஒரே செல்லில் அளக்கப்பட்டனவா, அன்றிக் கணினியால் பொருத்தப்பட்டனவா? செல்கள் எத்தனை என்பதோடு, மனிதர்கள் எத்தனை, எங்குள்ளோர்? அடுக்குகள் ஒத்துப்போகாத செல்களை ஆசிரியர்கள் என்ன செய்தார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் கட்டுரையின் உடலில் விடை இராது. இணைப்புப் பக்கங்களில், 'வடிகட்டப்பட்டவை' என்ற தலைப்பின்கீழ் ஓர் எண்ணாக இருக்கும்.

திலக் நகர் முகாமில் எழுதப்பட்ட அட்டைக்குத் திரும்புவோம். அந்த இரத்தம் அட்டையோடு மட்டும் நோயாளியைச் சென்றடைவதில்லை. இரத்த வங்கியில் கொடையாளரின் நிணநீர் ஏ, பி செல்களோடு ஓ செல்களிலும் சோதிக்கப்படுகிறது. ஓ செல்கள் திரண்டால் வேலை நிறுத்தப்பட்டு, எச் பொருள் உள்ளதா என்று பார்க்கப்படும். எழுபது ஆண்டுகளுக்கு முன் மூவரின் இரத்தம் ஒத்துப்போக மறுத்ததன் பயனாகவே அந்த ஓ செல் குழாய்க்கு இத்தனை மதிப்பு.